மன்றத்தில் மதினியும் உறுப்பினர்

தூத்துக்குடியிலிருந்து ஆத்தூர் போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்த அம்மாள் பக்கத்திலிருந்த இளையவளிடம் சொன்ன ஒரு வார்த்தையில் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

“நானும் அந்த மனமகிழ் மன்றத்துல உறுப்பினர்தான்ளா.”

“நீங்களா மதினி? அங்கன ஆம்பளைய குடிக்கல்லா போறாவ.”

“எனக்கே நேத்துதான் தெரியும். ஞாயித்துக்கெழம பொதுக்குழுன்னு என் பேருக்குத் தபால் வந்திருக்கு. இத்தன உறுப்பினர்னு காட்டுனாத்தான் லைசென்ஸாம். ஒங்க அண்ணன் என் ஆதார் நகலையும் சேத்துக் குடுத்திருக்காவ.”

“நாம மறியல் பண்ணி மூட வச்ச டாஸ்மாக் கடைதான அது?”

“அதே கட்டடந்தான். மாதா கோயிலுக்குப் பக்கத்துல இருக்கக்கூடாதுங்கது கடைக்குத்தானாம், மன்றத்துக்கு வேற சட்டமாம். அந்தச் சட்டத்த மாத்துங்கன்னு மனு எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு.”

“இப்ப என்ன செய்யப் போறிய?”

“லைசென்ஸப் புதுப்பிக்க உறுப்பினர் எல்லாம் கை தூக்கி ஒப்புதல் குடுக்கணும்னு தபால்ல போட்டிருக்கு. நான் தூக்க மாட்டேன். என்னைய மாதிரி இன்னும் எத்தன பொம்பளைய பேரு அதுல கெடக்கோ.”

இளையவள் சன்னல் வழியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போன மாசம் எங்க வீட்டுலயும் என் ஆதார் நகலக் கேட்டாவ மதினி. ரேசனுக்குன்னு சொன்னாவ.”

ஆற்றுப்பாலத்தில் பேருந்து ஏறும்போதுதான் இளையவள் திரும்பினாள்.

“கூட்டம் எத்தன மணிக்கு?”