மார்கழியிலிருந்து பின்னுக்கு

ஹலோ... ஹலோ, அண்ணை? ஓம், தனுசியாதான். ஆசுபத்திரி வாட்டுக்கு வெளியிலை நிண்டு கதைக்கிறன்...

ஓம், ஓம். அப்பாவின்ரை இடுப்பு எலும்பு ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சுது. காலிலை பிரச்சினை இல்லை, தலையிலைதான். விடிய என்னைப் பாத்து, ஏன் இன்னும் மணியடிக்கேல்லை, பிள்ளையள் வெய்யிலுக்கை நிக்குதுகள் எண்டு ஏசினவர். சேலைனையும் இழுத்துக் கழட்டிப்போட்டார்...

இல்லை, மயக்க மருந்து கூடேல்லை... அண்ணை, கொஞ்சம் கேளுங்கோ... லண்டனிலையிருந்து ஆசுபத்திரிக்கு எதிரா முறைப்பாடோ? அனுப்பிப்போட்டீங்களோ?... சரி, எழுதினது கிடக்கட்டும். அனுப்பாதேங்கோ.

ஏனெண்டால்... அதைத்தான் சொல்ல வாறன்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் ஒரு டொக்டர்ப்பிள்ளை வந்தவா. வயசான ஆக்களுக்கு ஒப்பரேசனுக்குப் பிறகு மூளை குழம்புறதைப் பற்றி ஆராய்ச்சி செய்யினமாம்... ஓம், அப்பா சம்மதிச்சுத்தான் கையெழுத்து வைச்சவர். என்ன கிழமை, என்ன திகதி எண்டு கேட்டவா. பிறகு, மார்கழியிலையிருந்து பின்னுக்கு மாதங்களைச் சொல்லச் சொன்னவா. அப்பா ஐப்பசியோடை நிண்டிட்டார்.

இருவது வருசம் பள்ளிக்கூட அதிபரா இருந்த மனுசன், அண்ணை. முழுசிக்கொண்டு என்ரை வாயைப் பாத்தார். அவ குனிஞ்சு எழுதேக்கை நான் மெல்லமாச் சொல்லிக் குடுத்தன்... ஓம். எல்லாத்துக்கும். முப்பதுக்கு இருவத்தெட்டுப் போட்டிருக்கிறா.

கத்தாதேங்கோ... அப்பாவுக்கு ஆறு மாசமா மறதிதான். நீர்வேலிச் சந்தியிலை சைக்கிளை விட்டிட்டு நடந்து வந்தவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு அவர்தான்...

இப்ப டொக்டர்மார் அந்தப் பேப்பரைப் பாத்திட்டு, நல்லா இருந்த ஆள் திடீரெண்டு ஏன் இப்பிடி எண்டு தேடிக்கொண்டிருக்கினம். மருந்தும் அதை வைச்சுத்தான் குடுப்பினமாம். முந்தியும் மறதி இருந்ததோ எண்டு காலமை இன்னொருக்காக் கேட்டவா. நான் இல்லையெண்டிட்டன்...

அதிபருக்கு மறதியெண்டு ஊர்ச்சனம் கதைச்சால் கதைக்கட்டும்... ஓம். ஓம், எனக்கும் வெக்கம்தான்.

பொறுங்கோ, அந்த டொக்டர்ப்பிள்ளை வாட்டுக்கை போறா. நானும் போறன், வைச்சிடாதேங்கோ...

என்னப்பா? நான்தான், தனு. சொல்லுங்கோ...

அண்ணை... அப்பா என்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறார். 'டொக்டர் வாறா, அண்டைக்குப்போலை மெல்லமாச் சொல்லித்தா பிள்ளை' எண்டு கேக்கிறார்...

இல்லை அண்ணை. இந்தமுறை அவவுக்குத்தான் சொல்லப்போறன்.

வைக்கிறன்.