கேளாக்கட்சி

கண்ணாடியைச் சட்டைக்கை நுனியால் துடைக்காதீர்கள், மேடம். இப்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் போனால் எதிரே வரும் விளக்கெல்லாம் பூப்பூவாகச் சிதறித் தெரியும். கண்தான் கெட்டுவிட்டது என்று பவரை மாற்ற எங்கள் கடைக்கு வருவீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். கண் நன்றாகவே இருக்கும். கீறல் கண்ணாடியில் இருக்கும்.

தொழில் புத்தி. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டேஷன் வாசலில் இருந்த கான்ஸ்டபிள், "கேம் தகராறுக்கு ஒருத்தர சாகவிட்டேன்னு சொல்றியே, வீட்டுக்குப் போய்த் தூங்கு போ" என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஒரு விளையாட்டுக்காக யாரும் யாரையும் சாகவிட மாட்டார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

'கருந்திசை' என்று ஒரு விண்வெளிப் போர் விளையாட்டு. இதுவரை ஐந்து பாகம் வந்திருக்கிறது. விளையாடுகிற பலருக்குச் சுடுவதுதான் முக்கியம். எங்களுக்கு அப்படியில்லை. இரண்டாம் பாகத்தில் இரட்டை நிலவோடு இருந்த கிரகத்துக்கு நான்காம் பாகத்தில் ஒற்றை நிலவு ஏன்? முதல் பாகத்தில் செத்துப்போன மருத்துவர் அடுத்த பாகத்தின் விருந்தில் எப்படி நிற்கிறார்? இப்படி முன்னுக்குப்பின் முரணானதையெல்லாம் தேடிப்பிடித்து, கதை உடையாதபடி ஒரு காரணம் கண்டுபிடித்துப் பொருத்துவது எங்கள் வேலை. இணையத்தில் ஒரு குழு, சில நூறு பேர். ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் பட்டப்பெயர்தான்.

மூன்றாம் பாகத்தின் கடைசிப் போர்தான் எங்களை இரண்டாகப் பிளந்தது. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. கேப்டனின் கலம், விளையாடுகிறவர் ஓட்டுவது அதைத்தான், முன்னால் போகிறது. அவனுக்குத் துணையாக இன்னொரு கலத்தில் வரும் விமானி, குருவி என்று கூப்பிடுவார்கள், சின்னப் பெண், கலத்தின் இறக்கை உடைந்து பின்னால் தங்கிவிடுகிறாள். ரேடியோவில் மூன்று முறை கூப்பிடுகிறாள். கேப்டன் திரும்பவில்லை. திரை இருண்டுவிடுகிறது.

கேப்டனுக்கு அவள் குரல் கேட்டதா, இல்லையா?

நான் கேளாக்கட்சி. அதற்கு முந்தைய சண்டையில் கேப்டனின் கலத்தில் குண்டு பட்டது. ரேடியோ அப்போதே செத்திருக்க வேண்டும். இது என் வாதம். எதிர்க்கட்சிக்குத் தலைவன் நங்கூரம். ஒரு கருத்தில் நின்றால் அசைக்க முடியாது என்பதால் குழுவில் வைத்த பெயர். "மூணாவது தடவ கூப்பிடும்போது கேப்டனோட இடது கையப் பாரு. வால்யூம் திருகு பக்கம் போகுது. கொறைக்கிறான்டா அவன்" என்பான். எரிபொருள் முள்ளைத் தட்டிப் பார்க்கிறான் என்பேன் நான். உடனே குழுவில் எழுதுவான்: 'செவிடன் காதில் ஊதிய சங்கு.' அதிலிருந்து எனக்குச் செவிடன் என்றே பெயர் நின்றுவிட்டது.

விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகுதான் இரண்டு பேரும் ஒரே நகரம் என்று தெரிந்தது. பஸ்ஸில் போகிற தூரம்தான். நேரில் பார்த்தால் எலும்பும் தோலுமாக, மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். லிஃப்ட் மெக்கானிக். வாலிபம் முழுவதும் லிஃப்ட் குழிக்குள் தூசியைக் குடித்து நுரையீரல் காய்ந்துபோயிருந்தது. "ஊரையெல்லாம் மேல ஏத்திவிட்டேன். எனக்கு ரெண்டு படி ஏற மூச்சில்ல" என்று சிரிப்பான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அவனுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். அவனோடு அவனுடைய அக்கா மட்டும். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற வேலை.

ஞாயிறுகளிலும் அக்காவுக்கு வேலை உண்டு. எனக்குக் கடை விடுமுறை. அதனால் ஞாயிறுதோறும் நான் போய் இருப்பது வழக்கமாயிற்று. கதவைத் தட்டினால் உள்ளிருந்தே, "அக்கா, செவிடன் வந்துட்டான், கதவத் தொற. தட்டினது அவனுக்கே கேட்டிருக்காது" என்பான். அக்கா திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டியிருந்தார். கட்டிலின் தலைமாட்டில் ஒரு சிலிண்டர் நிற்கும். "குழாய இதுல மாட்டிட்டு, இந்தச் சாவிய எடப்பக்கம் திருப்பினாப் போதும், தம்பி. பச்சக் கொழந்தகூடச் செய்யும்." உண்மைதான். முன்பே செய்திருக்கிறேன். கை பழகிய வேலை. அவனால் மட்டும் அந்தச் சாவியைத் திருப்ப முடியாது. அவ்வளவு பலம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போலத்தான் போனேன். முகமெல்லாம் பல்லாக இருந்தான்.

"உக்காரு. ஒனக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு வெச்சிருந்தேன். குழுவுல இன்னும் மூச்சு விடல."

விளையாட்டை உருவாக்கும் நிறுவனத்திலிருந்து அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறாம் பாகம் வரப்போகிறதாம். கதை எழுதுகிற அம்மாள் எங்கள் சண்டைகளை வருடக்கணக்காகப் படித்துவந்தாராம். கேப்டனுக்குக் கேட்டதா இல்லையா என்று அவரே முடிவு செய்யாமல்தான் வைத்திருந்தாராம். நங்கூரம் அந்தக் கையைப் பற்றிச் சொன்னதைப் படித்த பிறகு, அதுதான் சரி என்று தோன்றியதாம்.

"ஆறாம் பாகத்துல கேப்டனே சொல்லுறான்டா. எனக்குக் கேட்டுச்சுன்னு. அவன் வாயாலயே."

"நல்லது" என்றேன்.

"என்னடா, மூஞ்சி செத்துப்போச்சு? கேட்டாத்தான் அவன் மனுஷன். கேக்கலேன்னா அது வெறும் விபத்து. கேட்டும் போனான், அதச் சொமந்துக்கிட்டே வாழ்ந்தான். எவ்வளவு பெரிய கதை தெரியுமா அது?"

அவன் என்னைக் குத்திக்காட்டவில்லை, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சந்தோஷத்தில் பேசினான். ஆனால் என் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மீசை முளைத்த நாளிலிருந்து நான் கேப்டனின் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் தெரிகிற அந்தக் கைகள் என் கைகள். அந்தக் கை வால்யூமைக் குறைத்தது என்று சொன்னால் யாரைச் சொன்னதாக ஆகும்? என் மனைவி பிரிந்துபோகும்போது சொன்ன காரணம்கூட, "ஒங்களக் கூப்பிட்டா திரும்பவே மாட்டீங்க" என்பதுதான். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

கொஞ்ச நேரம் விளையாடுகிறேன் என்று சொல்லி முன்னறைக்கு வந்தேன். அவனுடைய கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. பழைய பெட்டி, கரண்ட் இருந்தால்தான் உயிர். வரும்போதே அவனுடைய போனையும் சார்ஜ் போட எடுத்துவந்தேன். வேண்டுமென்று அல்ல, சார்ஜ் குறைவாக இருந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். மூன்றாம் பாகத்தின் கடைசிப் போரைப் போட்டேன். அந்தக் கையை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

குருவி முதல் முறை கூப்பிடும் முன்பே கரண்ட் போய்விட்டது.

திரை அணைந்தது. மின்விசிறி ஓய்ந்தது. உள்ளே மெஷின் நின்று, நின்றுவிட்டேன் என்று சொல்வதற்காகக் கத்தத் தொடங்கியது. மத்தியான நேரம், நல்ல வெளிச்சம். ஜன்னல் வழியாகத் தெருவில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடிப்பது தெரிந்தது.

"டேய் செவிடா, கரண்ட் போச்சு பாரு" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான், குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல.

மேஜையில் ஹெட்ஃபோன் இருந்தது. எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன்.

செத்த கம்ப்யூட்டரில் செருகிய ஹெட்ஃபோனில் என்ன கேட்கும் என்று யோசித்திருக்கமாட்டீர்கள். சொந்த ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். அதற்கு அப்பால் மற்ற எல்லாமும் கேட்கும், பஞ்சில் பொதிந்ததுபோல. அவன் மறுபடி கூப்பிட்டான். அப்போதும் செவிடா என்றுதான். பிறகு கட்டில் கம்பியைத் தட்டினான். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள், விட்டுவிட்டுத் தட்டினால் மேலே இருப்பவனுக்குப் புரியும் என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். பிறகு என் பெயரைச் சொன்னான். சொந்தப் பெயரை. அத்தனை நாள் பழக்கத்தில் அவன் வாயிலிருந்து அதுவரை வராத பெயர். அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூச்சில்லாதவன் சொன்னால் பெயர் எழுத்தெழுத்தாக உதிர்ந்து வருகிறது, மேடம். எல்லா எழுத்துகளும் வந்து சேர்ந்தன.

நான் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் என் முகம் தெரிந்தது. கோபமாக இல்லை. கடையில் கூட்டமில்லாத வேளையில் இருக்கிற முகம்.

அப்புறம் மெஷின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்றது. நான் எழுந்து உள்ளே போனேன். குழாயின் ஒரு நுனி அவன் கையில் இருந்தது. சிலிண்டர் பக்கம் பாதி தூரம் புரண்டிருந்தான். அவனை நேராகப் படுக்கவைத்தேன். கண்ணை மூடிவிட்டேன். அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

விளையாடிக்கொண்டிருந்தேன், காதில் ஹெட்ஃபோன் இருந்தது, கேட்கவில்லை என்று சொன்னேன். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. இன்றோ நாளையோ என்று இருந்த உடம்புதானே என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்மேல என்ன தப்பு தம்பி? கடேசி நேரத்துல ஒரு மனுஷ நடமாட்டம் வீட்டுக்குள்ள இருந்துச்சே. அனாதையாப் போகலையே எந்தம்பி. அது போதும்" என்றார்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே மூச்சில் சொல்வார்: "கரண்ட் போச்சு, மெஷின் நின்னுபோச்சு. தம்பி பாவம் கம்ப்யூட்டர்ல வெளையாடிட்டு இருந்திருக்கு, காதுல மாட்டியிருந்ததால சத்தம் கேக்கல." வந்தவர்கள் தலையாட்டுவார்கள்.

உங்களுக்கும் இப்போது தெரிகிறது, பாருங்கள். கரண்ட் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் எப்படி ஓடும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், ஒருவரும் இலையைப் பார்க்கவில்லை. குழுவிலும் அதையே எழுதினேன். நிலவு ஒன்றா இரண்டா என்று தூக்கமில்லாமல் சண்டை போடுகிறவர்கள் அவர்கள். யாராவது ஒருவர் 'பொறு செவிடா, இது இடிக்கிறதே' என்று கேட்பார் என்று காத்திருந்தேன். ஆளாளுக்கு ஆறுதல்தான் சொன்னார்கள். விளையாட்டுக்குள்ளே கலங்களையெல்லாம் கூட்டி, அவனுக்காக ஒரு இடம் காலியாக விட்டு அணிவகுத்துப் பறந்தார்கள். என்னைத்தான் முன்னால் பறக்கச் சொன்னார்கள். பறந்தேன்.

ஆறாம் பாகம் போன மாதம் வந்துவிட்டது. அவன் சொன்னபடியேதான் இருக்கிறது. கேப்டன் தன் வாயால் சொல்லிவிட்டான். ஆக, நங்கூரம் இறந்ததால் கதையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறாது என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆதாயம் இல்லாத இடத்தில் நோக்கம் எங்கிருந்து வரும்? அதனால்தான் கான்ஸ்டபிள் சொன்னது சரி என்கிறேன்.

இப்போது கடையில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலிலேயே திரும்பிவிடுகிறேன். யாரும் கூப்பிடாதபோதும் திரும்புகிறேன். "என்னய்யா, பின்னாடி யாரு?" என்று முதலாளி கேட்கிறார். கண் பரிசோதிக்கிற இருட்டறையில் நோயாளியை உட்காரவைத்து எழுத்தைப் படிக்கச் சொன்னால், அவர்கள் திக்கித்திக்கிப் படிக்கிற எழுத்துகள் சேர்ந்து என் பெயராகிவிடுகின்றன. பலகையில் இருப்பது அந்த எழுத்துகள் அல்ல. போய் வெளிச்சம் போட்டுப் பார்த்தேன்.

போன ஞாயிறு அக்கா கூப்பிட்டு அனுப்பினார். அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "அவன் ஞாபகமா ஒங்கிட்டதான் இருக்கணும்." வேண்டாம் என்றால் விடவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது வாசலில் நின்று கேட்டார், "அவன் ஒரு வாட்டியாவது கூப்பிட்டிருப்பானா தம்பி?" சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தம்பி பயந்துபோயிருப்பானோ என்கிற வேதனையில் கேட்டார். இல்லக்கா, தூக்கத்திலேயே போயிருக்கும் என்றேன். "நிம்மதி" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது இரண்டாவது முரண். காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் அவன் கூப்பிட்டது கேட்கவில்லை என்றவன், அவன் கூப்பிடவே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? இரண்டு ஓட்டை உள்ள கதையை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது, மேடம். அதனால்தான் வந்தேன். குற்ற உணர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போனது எனக்குத் தெரியும். மெஷின் கத்தியது கேட்டது. அவன் கூப்பிட்டது ஒவ்வொரு முறையும் கேட்டது. சிலிண்டரைத் திருப்ப எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அக்காவிடமும் சொல்ல வேண்டும். நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. என் பெயரைச் சொன்னபோது என் கை ஹெட்ஃபோனைக் கழற்றத்தான் போனது. இன்னும் ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவன்தான் நிறுத்திவிட்டான்.