வாவிக்கு அடியிலிருந்து மூன்று தட்டு

இந்த அறையின் மின்விசிறிக்கு எண்ணெய் இட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை கிரீச்சிடுகிறது. நீங்கள் நாள்தோறும் இங்கே இருப்பதால் உங்கள் காது அதைத் தள்ளி வைத்துவிட்டது. என் காதுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

நான் இளமையில் இலக்கணம் கற்றவன். பாலபண்டிதர் பரீட்சையில் தேறிய பின்னரே ஒலிப்பதிவுக்கு வந்தேன். இரண்டும் ஒரே தொழில் என்பது என் கருத்து: வேண்டாததை நீக்குவது. மட்டக்களப்பில் கல்யாண வீடுகளையும் மாமாங்கத் திருவிழாவையும் தேவாலயப் பாடற்குழுக்களையும் பதிந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் யாராவது இருமினார்கள். எல்லா இருமலையும் வெட்டித் துப்புரவாக்கிக் கொடுத்தேன். வெட்ட வேண்டிய இடமே இல்லாத பதிவு ஒன்று என் பெயரில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அது பெரிய ஆசையன்று.

அந்த வெளிநாட்டுக் குழு வாசிப்பது கட்டற்ற ஜாஸ் இசை. சாக்ஸபோன் வாசிக்கும் நோர்வேப் பெண்ணும் டிரம்ஸ் வாசிக்கும் ஜப்பானியரும் இரட்டை பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் சிலி நாட்டவரும் சேர்ந்தது. எழுதி வைத்த மெட்டு அவர்களிடம் இல்லை. ஒருவர் எழுப்பும் ஒலிக்கு மற்றவர் மறுமொழி சொல்வார், அதுவே இசை. நடுவில் நாய் குரைத்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். நிறுத்தித் திரும்ப வாசிப்பதோ பின்னர் வெட்டி ஒட்டுவதோ அவர்களுக்கு ஆகாது. நேரடி இசைத்தொகுப்பு ஒன்றை நமது வாவியின் மேலிருந்து பதிய வந்தார்கள். இரவில் வாவியின் அடியிலிருந்து எழும் பாடும் மீனின் ஒலி அதில் சேரும் என்று அவர்களுக்கு உறுதி கொடுத்தவன் நான்.

கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே, கரையிலிருந்து சற்று விலகி, வெற்று இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து மிதவை மேடை ஒன்று கட்டுவித்தோம். கட்டியவர் டொமினிக் என்ற மீனவர். மேடையின் பின்புறத்தில், கறுப்புத் திரைக்கு அப்பால் என் மேசை. பீப்பாய்களுக்குக் கீழே, நீருக்குள், ஓர் ஒலிவாங்கியை இறக்கினேன். அதில் விழும் ஒலி காதில் மாட்டிய கருவி வழியே எனக்கும் வாசிப்பவர்களுக்கும் ஒருங்கே கேட்கும், கரைக்குக் கேட்காது.

அந்த ஒலிவாங்கி சேற்றிலோ வேரிலோ மாட்டினால் இறங்கி எடுப்பது டொமினிக்கின் பொறுப்பு. அடியில் சிக்கிய வலைகளை எடுத்துப் பழகியவர். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவார். மறுமுனையைத் தோணியில் அவருடைய மனைவி மார்கிறட் பிடித்திருப்பார். அன்று தோணி அருகில் நின்றால் பீப்பாயில் மோதி ஒலி எழுப்பும் என்று நான் சொன்னேன். ஆகவே மார்கிறட் கரையில் இருந்தார். கயிற்றின் முனையை என் மேசைக் காலில் கட்டுவதாக முடிவாயிற்று.

"சேர், கேளுங்கவன்," என்றார் டொமினிக், கரையிலிருந்து புறப்படுமுன். "பீப்பாயில ஒரு தட்டு எண்டா கயித்த விடுங்க. மூணு தட்டு எண்டா இழுங்க. பாட்டக் கேட்டுக்கிட்டு இரிந்திராதீங்க."

"மறக்க மாட்டேன்," என்றேன்.

"மார்கிறட்டுக்கு எண்டா சொல்லவே தேவையில்ல. தட்ட முதல் இழுத்துப் போடுவா. கலியாணம் கட்டின நாள்ல இருந்து ஒரே இழுவைதான்."

"வீட்ட வாங்க, இழுக்கன்," என்றார் மார்கிறட்.

மாலையில், கரையில் கூடியிருந்தவர்களுக்கு முன்னால் வாசிப்புத் தொடங்கியது. டொமினிக் என் அருகில் குந்தியிருந்தார். "சேர், இது சுருதி சேக்காங்களா, தொடங்கிட்டாங்களா?" என்று காதோடு கேட்டார்.

தொடங்கிவிட்டார்கள் என்று சைகை காட்டினேன்.

"அப்ப மீனெல்லாம் பயந்து கல்முனைக்குப் போயிரிக்கும்."

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் பதிவில் விழும்.

அவர் சொன்னது சரியாயிற்று. மீன் பாடவில்லை. நீரடியிலிருந்து ஒரு மந்தமான முனகலைத் தவிர எதுவும் வரவில்லை. நோர்வேப் பெண் திரையின் இடுக்கால் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு வேதனையாக இருந்தது. ஒலிவாங்கி சேற்றில் புதைந்திருக்கலாம் என எண்ணி, இறங்கும்படி டொமினிக்குக் கை காட்டினேன். அவர் சிலுவை இட்டுக்கொண்டு, சிறு சத்தமும் எழாமல் நீருக்குள் போனார். அந்த விடயத்தில் அவர் மிகவும் ஒழுங்கானவர்.

விரைவிலேயே முனகல் விலகி ஒலி தெளிந்தது. ஒரு தட்டுக் கேட்டது, கயிற்றைத் தளர்த்தினேன். அதன் பின்னர் மூன்று தட்டுக் கேட்டது.

அது எத்தகைய ஒலி என்பதை நீங்கள் அறிய வேண்டும். வெற்றுப் பீப்பாயை நீருக்குள்ளிருந்து கை முட்டியால் தட்டும்போது, துணி சுற்றிய கோயில் மணியை அடித்தாற்போல ஆழமாகவும் வட்டமாகவும் ஒலிக்கிறது. ஜப்பானியரின் கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு அவர் மூன்று அடி அடித்து மறுமொழி சொன்னார். கீழிருந்து மீண்டும் மூன்று வந்தது. பாஸ் சேர்ந்தது. அதுவரை தத்தம் வழியில் அலைந்தவர்கள் அந்தத் தட்டைச் சூழ்ந்து நின்று வாசித்தார்கள். கரையில் ஒருவரும் இருமவில்லை.

கயிறு இறுகியது. நான் அதைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இழுத்தால் பலகை விளிம்பில் உரசும். நனைந்த நைலோன் கயிறு பலகையில் உரசும் ஒலி அருவருப்பானது. அவர்கள் வாசிக்கும் அந்தத் தொடர் முடிந்ததும் இழுக்கலாம் என எண்ணினேன். அந்த இசையில் எந்தத் தொடர் எங்கே முடிகிறது என்று சொல்வது எளிதன்று.

ஜப்பானியர் திரையின் இடுக்கால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இது சரிதானா என்று கேட்டார். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் புன்னகைத்து, இன்னும் பலமாக அடித்தார். ஆகவே அவர்மீது குற்றமில்லை.

தட்டு விரைந்தது, ஒழுங்கு குலைந்தது, நெடுநேரம் நின்றது. கடைசியாக ஒரே ஒரு தட்டு, மிக மெல்லியது. ஒரு தட்டுக்கு என்ன பொருள் என்று டொமினிக்கே சொல்லியிருந்தார். கயிற்றை விட்டேன்.

கைதட்டல் அடங்கிய பிறகே கூக்குரலிட்டேன். வாசிப்பு முடிந்து வயரை எடுக்க இறங்கியவர் மேலே வரவில்லை என்று சொன்னேன். கைவிடப்பட்ட வலை ஒன்று மேடையின் நங்கூரச் சங்கிலியில் சுற்றியிருந்தது. அதில் அவருடைய கால்கள் மாட்டியிருந்தன. கை பீப்பாயை எட்டியிருந்தது. முகம் காற்றை எட்டவில்லை. நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

குழுவினர் அந்த இசைத்தொகுப்பை டொமினிக்கின் நினைவுக்கு உரித்தாக்கி வெளியிட்டார்கள். வாவியே நான்காவது வாத்தியக்காரர் என்று வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் எழுதினார். ஒரு பிரதியை மார்கிறட்டுக்கும் அனுப்பினார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அதைக் கேட்டுவிட்டு அவர் என் கலையகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சேர், அந்தத் தட்டு யார்ர?"

"மீனுடையது," என்றேன். "நம்முடைய வாவி மீன்."

"மீன் மூணு மூணாத் தட்டிக் கயித்த இழுக்கச் சொல்லுமா சேர்?" அவர் குரலை உயர்த்தவில்லை. "அவர் தட்டித் தட்டிக் கிடந்திரிக்கார். அவங்க அதுக்கு மேளம் அடிச்சிரிக்காங்க. நான் கரையில இரிந்து கை தட்டியிரிக்கன். கயிறு உங்கட கையிலதானே சேர் இரிந்தது?"

"இருந்தது," என்றேன்.

அங்கிருந்து அவர் நேரே உங்களிடம் வந்தார்.

இழுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டீர்கள். முதல் மூன்று தட்டிலேயே இழுத்திருந்தால் பிழைத்திருப்பார். கயிறு உரசிய ஒலியைப் பின்னர் வெட்டியிருக்கலாமே, அதுதானே உங்கள் தொழில் என்றும் கேட்டீர்கள். வெட்டியிருக்கலாம். ஆனால் அது வெட்டப்பட்ட பதிவாகியிருக்கும்.

டொமினிக்கின் சாவுக்கு நானே காரணம் என்று எழுதுங்கள், கையொப்பம் இடுகிறேன். ஆனால் நீங்கள் வாசித்துக் காட்டியதில் நான் அவரைக் கவனியாமல் விட்டதாக ஒரு வரி இருக்கிறது. அதை ஏற்க மாட்டேன். அவரை என்னைப் போல் கவனித்துக் கேட்டவர் எவருமில்லை.

நாளைக்கு மார்கிறட்டை அழைத்து, இந்த அறையில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கப் போவதாகச் சொன்னீர்கள். அப்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கடைசித் தட்டு மிகவும் மெல்லியது. அவர் அதைத் தவறவிடக் கூடாது.