ஏழு மணி நேரப் பச்சை

அந்தத் தேவாலயச் சமையலறைத் தரையைத் துடைக்காமல் வந்துவிட்டதற்கு முதலில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். வழக்கமாகத் துடைத்து, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். அன்று நேரம் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருந்தால் விரல் தானாக அதைத் தொடும் என்று தீர்மானிப்பது என் தொழில். பன்னிரண்டு வருடம் ஒரு வங்கிக்காக அதைச் செய்தேன். அங்கே நிரல் எழுதிக்கொண்டிருந்த மார்னி க்ரூகரும் நானும் ஒரே வாரத்தில் வேலையை விட்டுவிட்டு 'கடைசித் தட்டு' செயலியை ஆரம்பித்தோம். எங்கள் மில்வாக்கி நகரத்தில் ஒரு சனிக்கிழமையில் எத்தனை கல்யாண விருந்து நடக்கிறது, எத்தனை ட்ரே கோழியும் உருளைக்கிழங்கும் குப்பைக்குப் போகிறது என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நாங்கள் யோசித்தோம். மண்டபக்காரர்கள் மிச்சத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். வேண்டியவர்கள் திரையைத் தட்டுவார்கள். நாங்கள் வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் ஒரு வட்டம் வைத்தேன். உணவு அடுப்பிலிருந்து இறங்கியதும் பச்சை. நேரம் ஆக ஆகப் பச்சை கரைந்து மஞ்சளாகும். நாலாவது மணியில் சிவந்து, உணவு திரையை விட்டே மறைந்துவிடும். வட்டம் என்னுடையது. நாலு மணி நேரம் என்ற கெடு மார்னியுடையது; அதற்குமேல் சமைத்தது கெட்டுவிடும் என்பாள்.

ஆரம்பத்தில் சிலர் ஒத்துழைக்கவில்லை. லெம்கே என்று ஒரு மண்டப மேலாளர். "இதையெல்லாம் நின்னு படம் பிடிக்க எவனுக்குய்யா நேரம் இருக்கு?" என்று சொல்லி, இரண்டு ட்ரே மாட்டிறைச்சியை என் கண் முன்னால் குப்பைத் தொட்டியில் கொட்டினார். அந்தத் தொட்டியின் இரும்பு மூடி நல்ல கனம். அவர் கை விளிம்பில் இருக்கும்போதே அதை இறக்கினேன். இரண்டு விரல் போயிற்று. உடனே தூக்கவில்லை. அவர் கத்தி ஓயும்வரை மூடியின்மேல் சாய்ந்து நின்றேன். மூடி தவறி விழுந்ததாகத்தான் அவர் எல்லோரிடமும் சொன்னார். அதன் பிறகு அந்த மண்டபம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. சிலருக்குப் பேச்சால் புரிவதில்லை.

உண்மையான தொந்தரவு அந்த நாலு மணி நேரக் கெடுதான். மதிய விருந்து இரண்டு மணிக்கு முடியும். வேண்டியவர்கள் வேலை முடிந்து வீடு திரும்ப ஐந்தாகும். அதற்குள் வட்டம் சிவந்து, நல்ல கோழி தொட்டிக்குப் போய்விடும். போன அக்டோபரில் நாலை ஏழாக்கினேன். ஒரே ஒரு எண். பச்சை கொஞ்சம் மெதுவாகக் கரைந்தது, அவ்வளவுதான். மார்னியிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதம் வரும், வாதம் செய்யும் நேரத்தில் இன்னும் நாலு ட்ரே வீணாகும். மூன்றே மாதத்தில் நாங்கள் காப்பாற்றிய உணவு இரட்டிப்பானது. செய்தித்தாளில் எங்கள் படம் வந்தது.

ஓடிஸ் மேஃபீல்ட், வடக்குப் பக்கத்து முதியோர் குடியிருப்பில் நாலாவது மாடியில் இருந்தவர். இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எண்பத்தோரு வயது. மார்னிக்கு அவரைப் பிடிக்கும். கதவைத் திறந்ததும், "என்னம்மா, இன்னிக்கும் கோழிதானா? இப்படியே போனா எனக்கே றெக்கை முளைச்சுடும்" என்பார். அவளும், "முளைச்சா நல்லதுதானே, மாடிப்படி மிச்சம்" என்பாள். ஜனவரியில் ஒரு நாள் அவள் கொடுத்த கோழியையும் குழம்பையும் சாப்பிட்டு, இரண்டாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்களுக்குத் தேவாலயக் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். அதிலும் மிச்சம் வந்தது. பதினொரு மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கிய ஒன்பது ட்ரே. எல்லோரும் போன பிறகு அதை எடுத்துப்போக நானும் மார்னியும் சமையலறையில் இருந்தோம். மணி ஒன்று ஐம்பது.

"நாலை ஏழாக்கினது நீதானா, வெஸ்?"

"ஆமா. ஒரு எண்தானே, மார்னி."

"அந்த எண்ணைத்தான் இப்பக் குழியில இறக்கிட்டு வந்தோம்." அவள் சத்தம் போடவில்லை. "என் கையால குடுத்தேன்டா. சூடு பண்ணிச் சாப்பிடுங்கன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தேன்."

"அவருக்கு எண்பத்தொண்ணு வயசு."

"அதனால? நீ நாள் குறிப்பியா?"

செயலியை நிறுத்துகிறோம், உணவை யாரும் சாப்பிட வேண்டாம் என்று எல்லோருக்கும் ஒரு செய்தி எழுதி வைத்திருந்தாள். திரையை ஒரு முறை தட்டினால் போய்விடும். "உன்கிட்ட சொல்லிட்டு அனுப்பலாம்னு இருந்தேன். இத்தனை வருஷம் கூட இருந்திருக்கோமே" என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவத் திரும்பினாள்.

இறைச்சி தட்டும் சுத்தியல் கொக்கியில் தொங்கியது. முதல் அடி காதுக்கு மேலே. அவள் "வெஸ்" என்றாள், வண்டியைத் தவறான தெருவில் திருப்பிவிட்டவனைக் கூப்பிடுவதுபோல. இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கியது. மூன்றாவது தேவைதானா என்று விசாரணையில் நீங்கள் கேட்டீர்கள். கை கழுவும் தொட்டியின் விளிம்பை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை விடுவிக்கத் தேவைப்பட்டது.

போன் பூட்டிக்கொண்டுவிட்டது. அவள் கட்டைவிரலை வைத்தேன். ஈரத்தில் ஏற்கவில்லை. விரலைக் குழாயில் கழுவி, என் சட்டையில் துடைத்து மறுபடி வைத்தேன். செய்தியை அழித்தேன். பிறகு அவளைக் குளிர் அறைக்குள் இழுத்து வைத்து, கதவுக்கு வெளியே உருளைக்கிழங்கு மூட்டைகளை முட்டுக் கொடுத்தேன்.

அவள் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியும். மூக்கு ஓரத்தில் ரத்தம் குமிழியிட்டு உடைந்து, மறுபடி குமிழியிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்ததாகவும், கதவின் உள்பக்கம் இடுப்பு உயரத்தில் அவள் கை பதிந்திருந்ததாகவும் சொன்னீர்கள். இருக்கலாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் கேள்வி வரும், கேள்வி முடிவதற்குள் ஒன்பது ட்ரேயும் சிவந்துவிடும். அதனால்தான் தரையைத் துடைக்கவும் நிற்கவில்லை. அறுபத்தோரு வீடுகளுக்குத் தனி ஆளாகக் கொண்டுபோனேன். ஐந்தரைக்குக் கடைசிக் கதவு. வட்டம் அப்போதும் சிவக்கவில்லை.

அதைச் சாப்பிட்டவர்களில் ஒன்பது வீட்டுக்காரர்கள் மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்றீர்கள். மீதி ஐம்பத்திரண்டு வீட்டில் யாரும் பசியோடு தூங்கவில்லை. அதை ஒருவரும் எழுத மாட்டார்கள். அந்த மனிதர்கள்மீது எனக்கு இருக்கும் அக்கறை மார்னிக்கு இருந்திருந்தால், அவள் அந்தச் செய்தியை எழுதியிருக்கவே மாட்டாள்.

நான் என்றைக்காவது அந்தச் செயலியிலிருந்து எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. எனக்கு எப்போதும் அப்போது சமைத்ததுதான் வேண்டும். ஆறிப்போனது என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது.