கப்பலில் மாறிப்போன போல்ட்

பழைய துப்பாக்கி எதைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன், ரோண்டா. கட்டையை எவனாவது உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் கண் ஏமாந்துவிடும், மூக்கு ஏமாறாது. உன் அப்பா வெர்னன் இதை வைத்தே இருபது வருடம் என்னைக் கேலி செய்தான். "எங்க எல்வுட்டுக்குப் போலீஸ்ல மோப்ப நாய் வேலை கெடைச்சிருக்கணும். நாலு கால் இல்லாததால போச்சு" என்பான். துப்பாக்கிக் கண்காட்சியில் கூட்டம் நிறைந்திருக்கும்போதுதான் சொல்வான். எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

ஊருக்கு வந்திருக்கும் நீ நேற்று என் மேசை இழுப்பறையில் கத்தரிக்கோல் தேடியது தப்பில்லை. தேடச் சொன்னவனே நான்தான். அங்கே துணியில் சுற்றியிருந்ததைப் பிரித்தாய், அதில் இருந்த எண்ணைப் படித்தாய், என் முன்னால் வைத்தாய். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றாய். அது நியாயம்தான். ஆனால் உனக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

நாற்பத்தைந்தில் போர் முடிந்து ஊர் திரும்பும்போது உன் தாத்தா ஒரு ஜெர்மன் சிப்பாயின் துப்பாக்கியோடு கப்பலேறினார். வழியில் யாரும் யாரையும் சுட்டுவிடக் கூடாதென்று, எல்லாத் துப்பாக்கிகளின் போல்ட்டையும் கழற்றி ஒரே பீப்பாயில் போடச் சொன்னார்கள். குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்த இரும்புத் தண்டைச் சின்ன வயதில் நீ தாழ்ப்பாள் என்பாய். கரையிறங்கும்போது ஆளுக்கொன்று அள்ளிக் கொடுத்தார்கள். தாத்தாவின் துப்பாக்கியில் 6083 என்று இருக்கும். கைக்கு வந்த போல்ட்டில் 2917. எண் பொருந்தாத துப்பாக்கி, பழைய துப்பாக்கி சேகரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதித் துப்பாக்கிதான். "என்னோடது எவன் வீட்லயோ தூங்குது" என்று சொல்லிக்கொண்டே அவர் கண்ணை மூடினார். தேடுவதை வெர்னன் எடுத்துக்கொண்டான்.

நான் அவனோடு சேர்ந்துகொண்டபோது உனக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை தவறாமல் விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். வாரம் முழுக்க என் வீட்டில் கேட்கிற ஒரே மனிதச் சத்தம் அதுதான். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவன் நான்தான்.

ஒருநாள் உங்கள் சமையலறையில் கோழிச் சோள சூப் குடித்துக்கொண்டிருந்தோம். உன் அம்மா கரண்டியை நீட்டி, "அந்த எழவெடுத்த இரும்பு கெடைச்சா என்ன செய்வீங்க? அடுத்து பீரங்கி தேடுவீங்களா?" என்று கேட்டாள்.

"கெடைக்கிற அன்னைக்கே கண்காட்சிக்கெல்லாம் ஒரு பெரிய கும்பிடு, டோரீன். அப்புறம் சனிக்கிழமை பூரா உனக்குத்தான்."

"எல்வுட், நீங்கதான் சாட்சி. பின்னாடி இவரு பேச்சு மாறக் கூடாது."

நான் சாட்சி என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு நிற்கவே இல்லை. உண்மையில் அது பயம்.

நீ பள்ளிக்கூடம் முடித்துச் சான்றிதழ் வாங்கிய சனிக்கிழமை வெர்னன் வரவில்லை. நான் தனியாக ஒஹையோவில் ஒரு ஏலத்துக்குப் போனேன். ஒரு காபி டப்பாவுக்குள் ஆணிகளோடு அது கிடந்தது. 6083. போலி எண் வெட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் பூதக்கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தேன். ஆறின் வால் சரியாக இருந்தது. எண்ணின் பள்ளத்துக்குள் இருந்த கறையும் அந்தக் காலத்துக் கறைதான். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்துவிடலாம் என்று துணியில் சுற்றி வைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், நீ நம்ப வேண்டும்.

கிறிஸ்துமஸ் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

ஒருமுறை வெர்னன் கொட்டகையில் விறகு எடுக்கப் போயிருந்தபோது, அவன் துப்பாக்கியில் அதைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. ஐம்பது வருடப் பிரிவு அதில் தெரியவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் காலடி கேட்டதும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பழையதையே திரும்ப மாட்டினேன்.

பிறகு அவன் சலித்துப்போகும்போதெல்லாம் நான் ஏதாவது ஒரு சேதி கொண்டுவர வேண்டியிருந்தது. யார்க் பக்கம் ஒருவர் வைத்திருக்கிறாராம், மேரிலாந்தில் ஒரு விதவை விற்கிறாளாம் என்று சொல்வேன். அவன் முகம் விளக்குப் போட்டது போலாகிவிடும். பொய்யால் ஒரு மனிதனுக்கு அவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறதென்றால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

இப்போது அந்தப் பிப்ரவரிக்கு வருகிறேன்.

டோரீன் ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று வாரமாகியிருந்தது. மூன்று சனிக்கிழமைகள் வாசலில் ஹாரன் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டு, ஆல்ட்டூனாவில் 6083 இருக்கிறதாம், நாளைக்கு விட்டால் கைமாறிவிடும் என்றேன். "வேண்டாம்டா. அவ கைய விட்டுட்டு வர மனசில்ல" என்றான். நான் வற்புறுத்தவில்லை. டோரீனையே கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "போய்ட்டு வாங்க. வாங்கிட்டே வாங்க. அப்புறம் சனிக்கிழமையெல்லாம் எனக்குத்தான், ஞாபகம் இருக்கட்டும்" என்று அவள்தான் அவனை அனுப்பிவைத்தாள்.

வெர்னன் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தான். வழியில் லூயிஸ்டவுனில் சாப்பிட உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. அவன் கை கழுவப் போயிருந்தான். செவிலி கூப்பிட்டாள். நிலைமை மோசம், உடனே வரச் சொல்லுங்கள் என்றாள். சரி என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தான். மூன்று வாரம் கழித்து அவன் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். நான் கைபேசியை அணைத்துக் கோட்டுப் பையில் வைத்தேன். இருவரும் ஆப்பிள் கேக் சாப்பிட்டோம். அவன் இரண்டாவது துண்டும் கேட்டான்.

மலைக்குள் சிக்னல் இல்லை என்று உன்னிடம் அழுதேனே, அது பொய். டென்வர் விமான நிலையத்திலிருந்து நீ கூப்பிட்ட மூன்று முறையும் அது என் பையில் அணைந்து கிடந்தது. லூயிஸ்டவுனிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். உன் அம்மா மூன்றேகாலுக்குத்தான் போனாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் "வந்துட்டாரா?" என்று கேட்டாளாம். செவிலி சொன்னதாகச் சாவு வீட்டில் நீயே எனக்குச் சொன்னாய். அந்த நேரத்தில் நாங்கள் இல்லாத ஓர் ஆளை ஆல்ட்டூனாவில் மேசை மேசையாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

டோரீனை எனக்கும் பிடிக்கும். அவளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வலிக்கிறது. அடக்கம் முடிந்ததும் வெர்னன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ மட்டும் பக்கத்துல இல்லன்னா நான் அங்கயே செத்துருப்பேன்டா" என்றான். இந்த இரண்டு வருடமாக அவனைச் சாப்பிட வைப்பதும், சவரம் செய்யச் சொல்வதும், வெளியே அழைத்துப் போவதும் நான்தான். நீ டென்வரில் இருக்கிறாய். குறையாகச் சொல்லவில்லை.

ஆக, போல்ட்டை ஒளித்தது நான். உன் அப்பாவை உன் அம்மாவின் கடைசி மூச்சுக்கு வரவிடாமல் செய்ததும் நான். அவனிடம் சொல்லிவிடு என்கிறாய். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஞாயிறு வரைக்கும் பொறு, ரோண்டா. வில்லியம்ஸ்போர்ட்டில் ஒருவர் 6083 வைத்திருக்கிறாராம் என்று திங்கட்கிழமையே அவனிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை போகிறோம். சட்டையெல்லாம் தேய்த்து வைத்துவிட்டான். ஒரு மனிதனுக்கு ஆசை காட்டிவிட்டு மோசம் செய்ய எனக்கு மனம் வராது.