வேண்டுமென்றே நிறுத்துகிறவள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் அன்று பாட்டு ஓடவில்லை. அதனால்தான் முன் சீட்டுப் பெண் தன் அண்ணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நேத்து பட்டப்பகல்ல ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் ஒண்ண நானே நிறுத்திட்டேன் அண்ணி."

"அய்யய்யோ! வேலைய வுட்டுத் தூக்கலையா?"

"என் வேலையே அதுதான். ஒண்ணு நின்னா மத்ததெல்லாம் தாங்குதான்னு பாப்போம். எங்க சறுக்குதோ அங்க சரிபண்ணுவோம். அடுத்த தடவ இன்னும் கெட்டியா நிக்கும்."

"சரி, நீ இப்படி ஊருக்கு வந்துட்டா உன் வூட்டுக்காரரு தனியா சமைச்சிடுவாரா?"

"அதுவும் டெஸ்ட்தான். மொத தடவ அரிசிய அடிபிடிக்க வுட்டாரு. போன மாசம் பாலு மட்டும்தான் பொங்குச்சு."

அவள் செல்போன் அடித்தது.

"அவருதான். எடுத்தா டெஸ்ட் கெட்டுப்போயிடும்."

சற்று நேரத்தில் மெசேஜ் வந்தது. அதை அண்ணி வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'சின்ன வெங்காயக் குழம்பு வெச்சேன். புள்ளைங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. நீ நாலு நாள் இருந்துட்டே வா.'"

அண்ணி சிரித்து முடிப்பதற்குள் அவள் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அரியலூர்லேருந்து இன்னிக்கே திரும்ப பஸ் எத்தன மணிக்கு?"