ஜான்சி நிமிர்த்திய செருப்பு

"விட்டுடு ஜான்சி, யாரும் பாக்கல." அன்று இந்தச் சொற்கள் என் நாக்கு நுனிவரை வந்தன. நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறியிருக்கிறேன்.

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ரவிசந்திரன் ஐயா அவர்களே, இந்த மராத்தி மண்ணில், கேம்ப் பகுதியில் இந்தத் தமிழ் மன்றத்தைக் கட்டிக் காத்துவரும் பெரியோர்களே, அடுப்பை அணைத்த கையோடு ஓடிவந்திருக்கும் அன்னையரே, கராடியிலிருந்து வாகன நெரிசலை நீந்தி வந்த நண்பர்களே, தமிழ் புரியும், பேசத்தான் கூச்சம் என்று பின்வரிசையில் ஒளிந்திருக்கும் என் தம்பி தங்கைகளே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் தடயவியல் மாணவி. சென்ற மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி. கல்லூரி வளாகத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு. உள்ளே, கொலையுண்டவர்போல் ஒரு துணிப் பொம்மை. அந்த இடத்தைத் தேடிப் பதிவு செய்ய வேண்டும். பார், படமெடு, அள, வரை. அதற்குப் பிறகே தொடு. இதுதான் எங்கள் வேதம்! மிகச் சிறப்பாகச் செய்யும் ஒருவருக்கு, உண்மையான குற்ற இடங்களுக்குச் செல்லும் குழுவோடு சில மாதப் பயிற்சி. என் தோழி ஜான்சி, தளேகாவ் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள், அந்த ஓர் இடத்துக்காகவே கண்விழித்துப் படித்தவள்.

கதவு திறந்தது. அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்! பொம்மைதான் என்று தெரியும். ஆனாலும் கால் கூசியது. சாய்ந்த நாற்காலி, சிந்திய தேநீர், பாதி மூடிய சன்னல். கேட்க ஆள் வரும்வரை ஒவ்வொன்றும் மூச்சடக்கிக் காத்திருந்ததுபோல் இருந்தது. ஒரு மனிதன் கடைசியாக மூச்சுவிட்ட அறை கோயிலைவிடக் குறைந்ததா?

ஜான்சி முன்னால். கேமராவோடு நான். எனக்குப் பின்னால் அளவுநாடாவோடு இர்பான். நிலைப்படிக்கு உள்ளே ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது.

அன்னையரே, உங்களைக் கேட்கிறேன். கவிழ்ந்த செருப்பைக் கண்டால் என்ன செய்வீர்கள்? ஆம் அக்கா, உரக்கச் சொல்லுங்கள்! "வீட்ல சண்டை வரும், திருப்பிப் போடுவோம்!" அதையேதான் ஜான்சியின் காலும் செய்தது. மூளை அறியுமுன் கட்டைவிரல் தட்டிவிட்டது. நான் படமெடுக்கும் முன்பே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மேல்நோக்கியிருந்த அடிப்பாகத்தில் ஈர மண் இருந்தது. திருப்பியதும் அது தரையில் பதிந்தது. ஓடும்போது கழன்று விழுந்த செருப்பு, நிதானமாக நடந்து வந்த செருப்பாகிவிட்டது! ஒரு விரல் தட்டியது. ஒரு கதையே புரண்டது. நிஜ வழக்காக இருந்தால் யார் தலையில் விழுந்திருக்கும் அந்தப் பழி?

பார்த்தது நான் ஒருத்திதான். ஜான்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது. நான் வாய் திறக்குமுன் அவள் கை உயர்ந்தது.

"மேடம், சீன் பதல் கயா."

இடம் மாறிவிட்டது என்றதும் எங்கள் ஆசிரியர் பட்வர்தன் மேடம் வாசலிலிருந்து மராத்தியில் சீறினார்: "கோணி ஹாத் லாவ்லா?" யார் கை வைத்தது என்று!

"ஹாத் நாஹீ மேடம், பாய்." கை இல்லை மேடம், கால்!

"லூசு! இதைப் போய் ஏன் சொன்ன?" என்று இர்பான் கிசுகிசுத்தான். "பேசாம பழையபடி கவுத்து வெச்சிரு."

"அது ரெண்டாவது பொய்டா," என்றாள். என் பக்கம் திரும்பி, "இப்படியே படம் எடுடி. நான் திருப்பினதுன்னு சேர்த்து எழுது," என்றாள்.

அவையோரே! நான் சொல்லாமல் போனதற்கு என் நேர்மை காரணமில்லை. அவளுடைய வேகம்தான் காரணம். பிறர் தடத்தைத் தேடப் போனவள், தன் தடத்தை முதலில் காட்டினாள்! உண்மையைத் தேடுவதற்கு அறிவு போதும். அந்த உண்மைக்குள் தன்னையும் நிறுத்துகிறாளே, அதற்கு என்ன பெயர்? எத்தனையோ நூல்களைப் புரட்டியிருக்கிறேன். எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. கேமராவும் கையுமாக வியந்து நின்றேன். இன்றும் நிற்கிறேன்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.

என்ன, அந்தப் பயிற்சி இடம் யாருக்குப் போனது என்றா கேட்கிறீர்கள்? வேறொரு குழுவிலிருந்த கீர்த்திக்குப் போனது. ஜான்சிக்குக் கிடைக்கவில்லை.